ஸாரி என்றொரு சொல்

சென்ற நோன்புப் பெருநாளன்று, என் மகளின் ஐந்து வயதுப் பிள்ளை ஓடிவந்த வேகத்தில் என் உம்மாவின் வெற்றிலைச் செல்லத்தைத் தட்டிவிட்டான். பாக்குவெட்டி ஒருபுறமும் சுண்ணாம்புக் கரண்டகம் மறுபுறமுமாக உருண்டன. பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தபடி பிள்ளை நின்ற இடத்தில் நின்று, "ஸாரி" என்றான். எண்பதைக் கடந்த என் உம்மாவுக்குச் செவி சற்று மந்தம். அவர்கள் காதில் விழுந்தது "சரி" என்பதுதான். "கொட்டியதையும் கொட்டிவிட்டுச் சரி என்கிறானே, எதுடா சரி?" என்று அவர்கள் சினந்து கேட்க, வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் தனியே போய் அமர்ந்தேன். அந்தச் சொல்லோடு எனக்குத் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது.

நான் ஆங்கிலத்தை முறையாகக் கற்றவன் அல்லேன். மதரஸாவில் ஓதி ஸனது பெற்று, தமிழ் இலக்கியத்திலும் ஒரு பட்டம் பெற்ற பிறகு, முப்பது வயதுக்குமேல் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பயின்ற ஆங்கிலம் என்னுடையது. அப்படிக் கற்பவனுக்கு ஒரு நன்மை உண்டு. பேச்சுப் பழக்கம் வாய்க்காத காரணத்தால் ஒவ்வொரு சொல்லையும் வாசலில் நிறுத்தி, நீ யார், எவ்வூரான் என்று விசாரித்த பின்னரே உள்ளே விடுவான். ஸாரியையும் நான் அவ்வாறுதான் விசாரித்தேன்.

பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ஸாரிக் என்பதாகும். ஸார் என்றால் நோவு, வலி. புண்ணையும் வலியையும் குறிக்க இன்றும் வழங்கும் ஸோர் என்னும் சொல் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே ஸாரி என்பதற்கு முதற்பொருள் 'நோவுடையவன்' என்பதே. துயரம் எனப் பொருள்படும் ஸாரோ என்னும் சொல்லின் பிள்ளை இது என்று பலரும் எண்ணுவர். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் இரண்டுக்கும் வேர் வேறு. அயல்வீட்டில் நெடுங்காலம் குடியிருந்து, ஒலியாலும் பொருளாலும் ஒன்றையொன்று ஒத்துப்போன சொற்கள் அவை.

இச்சொல் ஆங்கிலேயர் நாவில் படும் பாடு கொஞ்சமன்று. பேருந்தில் ஒருவர் காலை மிதித்தால் ஸாரி. மிதிபட்டவரும் சில வேளைகளில் ஸாரி என்பாராம். மையித்து வீட்டில் ஆறுதல் சொல்லவும் ஸாரி. எதிரே இருப்பவர் சொன்னது காதில் விழவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்பதற்கும் ஸாரி. கேட்ட பொருள் கடையில் இல்லை என்பதற்கும் ஸாரி. போதாததற்கு, பாழடைந்து பார்க்கச் சகியாமல் கிடக்கும் ஒன்றின் நிலையையும் ஸாரி நிலை என்பர். கொன்றவனும் இதைச் சொல்லலாம், கொலையைக் கேள்விப்பட்டவனும் இதைச் சொல்லலாம். சொல்லிலே வேற்றுமை இராது.

இலக்கணம் ஓதிக்கொடுக்கும் பழக்கத்தால் நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். 'நான் ஸாரி' என்னும் வாக்கியத்தில் எழுவாய் நான். பயனிலையும் என் நிலையே. எதிரே நிற்பவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒன்றும் தரவேண்டியதும் இல்லை. மன்னிக்கும்படி வேண்டுவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு. ஃபர்கிவ், பார்டன், எக்ஸ்க்யூஸ் என்னும் மூன்றும் ஏவல் வினைகளாகி முன்னிலையை நோக்கிக் கை நீட்டுபவை. ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் ஸாரி என்பது வாக்கியத்திலிருந்து உதிர்ந்து தனியொரு சொல்லாக நிற்கக் கற்றுக்கொண்டது. பிறகு மெல்ல மெல்ல அந்த மூன்றின் இடத்தையும் பெரும்பாலும் அதுவே பிடித்துக்கொண்டது. சுமை குறைந்த சொல்லைத்தானே நா விரும்பும்?

ஆங்கிலத்தை மட்டும் குறை கூறுவது நீதியன்று. இக்கால அரபியில் வழங்கும் ஆஸிஃப் என்பதும் இதே சங்கதிதான். அதன் வேராகிய அஸஃப் துயரத்தைக் குறிப்பது. மகனை இழந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் யூஸுஃபை எண்ணி உருகியதைக் கூறுமிடத்தில் திருமறை ஆள்வது இச்சொல்லையே. கூட்டத்தார் கன்றுக்குட்டியை வணங்கியது கண்டு சினமும் துயரமுமாகத் திரும்பிய மூஸா நபி (அலை) அவர்களைப் பற்றியும் இவ்வேரின் சொல் வருகிறது. அவ்விரு நபிமார்களும் எவரிடமும் மன்னிப்புக் கேட்டு நின்றவர்கள் அல்லர். நோவு மட்டுமே அங்கிருந்தது. இன்றோ தெருவில் மோதிக்கொண்டாலும் அரபியர் ஆஸிஃப் என்று சொல்லிவிட்டுப் போகின்றனர்.

மன்னிப்பைக் குறிக்கும் பழைய அரபுச் சொற்களை எடுத்துப் பார்த்தால் அவற்றின் உலகமே வேறு. அஃப்வு என்றால் அழித்தல். மணலில் பதிந்த தடத்தைக் காற்று அழிப்பதற்கு ஆளும் சொல். மஃக்பிரத்தின் வேருக்கு மூடுதல் என்று பொருள். போர்வீரன் தலையை மூடிக் காக்கும் இரும்பு வலைக்கு மிக்ஃபர் என்று பெயர். ஸஃப்ஹு என்றால் முகத்தைத் திருப்பி அப்பால் செல்லுதல். ஏட்டின் பக்கமாகிய ஸஃப்ஹாவும் அதே வேரினது. அழிப்பதும் மூடுவதும் திருப்புவதும் தீங்குக்கு ஆளானவரின் செயல்கள். தீங்கு செய்தவனால் இவற்றுள் ஒன்றையும் தானே செய்துகொள்ள முடியாது; கேட்கத்தான் முடியும். அஃப்வின் வழிவந்த முஆஃபி என்னும் சொல்லே உருது வழியாகத் தேய்ந்து நம் பெரியவர்கள் வாயில் மாப்பு ஆயிற்று.

தமிழுக்கு வருவோம். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வீடு வீடாகச் சென்று பொருத்தம் கேட்கும் வழக்கத்தை வாசகப் பெருமக்கள் அறிவீர்கள். அங்கே இரண்டு சொற்கள் பேச்சில் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. ஒன்று, வல்லின றகரத்தோடு கூடிய பொறுத்தல். அது பாரம் சுமத்தல். வள்ளுவர் அதற்கென்று பொறையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்தார். மற்றொன்று, இடையின ரகரத்தோடு கூடிய பொருந்துதல். அது மனம் இசைந்து ஒட்டிக்கொள்ளுதல், அரபியில் ரிளா. நபித்தோழர்களின் பெயரைச் சொன்னதும் அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக என்று நாம் வேண்டுவது இதைக்கொண்டே. சுமப்பவனுக்கு மனம் இசைந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டும் பொறுக்கலாம். அவ்வாறு பொருந்த இயலாது. ஓரெழுத்து வேற்றுமைதானே என்று மாணவர்களின் பிழையை நானே பலமுறை திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட ஆயத்தமானபோது, பொருத்தம் கேட்கவேண்டியவர்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதினேன். காக்காமார், லாத்தாமார், அண்டை வீட்டார், கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பெயரை எழுதப் பேனா தயங்கியது. அதை எழுதுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

1998ஆம் ஆண்டு. நான் ஓர் அரபி மதரஸாவில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலாம் ஜும்ராவில் 17 பிள்ளைகள். கிதாபு வாங்குவதற்காகத் தலைக்கு 20 ரூபாய் வீதம் 340 ரூபாய் திரட்டி என் அறையில் வைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை பார்த்தபோது பணத்தைக் காணவில்லை. என் அறையைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைப்பவன் தகப்பனை இழந்த ஒரு பையன், வயது 12. வேறு எவரும் அறைக்குள் வருவதில்லை. எனக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. சாட்சி, பிரமாணம் என்று ஃபிக்ஹில் பக்கம் பக்கமாக ஓதிக்கொடுப்பவன் நான்! முற்றத்தில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அவனை நிறுத்திப் பிரம்பால் அடித்தேன். எடுக்கவில்லை என்றான். பொய் வேறா என்று மேலும் அடித்தேன். அந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

நான்கு மாதம் கழித்து, சொல் ஒன்றுக்குப் பொருள் தேடி அல்முன்ஜித் அகராதியைப் புரட்டினேன். நடுவே பணம் இருந்தது. நானே பத்திரமாக வைத்தது. வைத்ததும் நினைவுக்கு வந்தது. பணத்தைப் பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டு, கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். எங்கே கிடைத்தது என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பையனின் வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவோம் என்று அன்றிரவு நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். அப்படியே 25 ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

அவர் 14 மைல் தொலைவிலுள்ள ஊரில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்து அறிந்து, பெருநாள் கழிந்த மூன்றாம் வாரத்தில் பேருந்தேறிப் போனேன். வாசலில் நின்றதுமே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க ஹஜ்ரத்" என்று எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு ஸலாம் சொன்னார். தேநீர் வரவழைத்தார். பிள்ளைகள் எத்தனை, கடை வாடகை என்ன, மழை உண்டா என்றெல்லாம் பேசினோம். ஹஜ்ஜுக்குப் போவதைச் சொன்னேன். துஆச் செய்யுங்கள் என்றார். எழுந்து விடைபெறும்போதுதான் என் வாய் திறந்தது. "அன்றைக்கு மதரஸாவில் நடந்ததற்கு... ஸாரி, தம்பி" என்றேன். "அதெல்லாம் எதுக்கு ஹஜ்ரத், பரவாயில்லை" என்று அவர் உடனே சொல்லிவிட்டார். பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே கோடு போட்டுவிடலாம் என்ற நிம்மதியோடு பேருந்தில் ஏறினேன்.

பாதி வழியில் அந்த நிம்மதி கழன்றது. முதலில் உறைத்தது வேறொன்று. வீட்டிலோ வகுப்பிலோ நான் ஆங்கிலம் கலந்து பேசுபவன் அல்லேன். பிள்ளைகள் பேசினாலும் கண்டிப்பேன். அத்தகைய என் வாயில், வாழ்நாளின் மிகக் கனமான பேச்சைப் பேசவேண்டிய வேளையில், அந்த ஆங்கிலச் சொல் எப்படி வந்தது? பொறுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால், எதை என்று அடுத்த சொல் வந்தே தீரும். ஸாரி அதைக் கேட்பதில்லை. என்ன நடந்தது என்று சொல்லாமலே சொல்லி முடிக்கக்கூடிய சொல் அது.

அடுத்து உறைத்தது இன்னும் பெரிது. பணம் கிடைத்தது அவருக்குத் தெரியுமா? தெரிய வழியே இல்லை. அப்படியானால் நான் எதற்காக ஸாரி சொன்னேன் என்று அவர் எண்ணியிருப்பார்? திருடிய பிள்ளையைச் சற்று மிகையாக அடித்துவிட்டேனே என்று ஆசிரியர் இரங்குகிறார் என்றுதானே?

தம் நாட்டார் பலரின் உயிர் இந்தச் சொல்லின் இரட்டை நாக்கில் தொங்கிய கதை ஒன்றைப் படித்திருந்தேன். அது அப்போது நினைவுக்கு வந்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தென்சீனக் கடலுக்கு மேலே அமெரிக்க வேவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி மாண்டார். அமெரிக்க விமானம் அனுமதியின்றி ஹைனான் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேரும் தடுத்துவைக்கப்பட்டனர். முறையாக மன்னிப்புக் கேட்டாலன்றி விடமாட்டோம் என்றது சீனம். பிழை எங்களுடையதன்று, கேட்கமாட்டோம் என்றது அமெரிக்கா. முடிவில் ஒரு கடிதம் எழுதப்பட்டது. விமானி இறந்ததற்கு ஒரு முறையும், வாய்மொழி அனுமதி பெறாமல் இறங்கியதற்கு ஒரு முறையும் 'மிகவும் ஸாரி' என்று அதில் கண்டிருந்தது. சீனத்தார் அதைத் தம் மொழியில் பெயர்த்தபோது பிழையை ஏற்று வருந்தும் வாசம் அடிக்கும் சொல்லைப் போட்டுக்கொண்டனர். அமெரிக்க அதிகாரிகளோ, நாங்கள் வருத்தம் தெரிவித்தோமேயன்றி மன்னிப்புக் கேட்கவில்லை என்று தம் மக்களிடம் கூறினர். 11 நாட்களில் விவகாரம் தீர்ந்தது. இருவரும் ஒரே தாளைக் காட்டி வெவ்வேறு கதையைச் சொல்ல முடிந்தது. ராஜதந்திரத்துக்கு உகந்த சொல்தான், ஐயமில்லை. நானும் அந்தக் கடைவாசலில் ஒரு ராஜதந்திரியாகத்தான் நின்றிருந்தேன்.

இச்சொல்லுக்காகவே ஒரு நாடு பல்லாண்டு காத்திருந்ததும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்தெடுத்து வளர்த்த கொடுமை அங்கே பல தலைமுறை நடந்தது. அதுபற்றிய விசாரணை அறிக்கை 1997இல் வெளியாயிற்று. 1999இல் நாடாளுமன்றம் வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தாய்மாருக்கு அது போதவில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்த கொடுமை இன்னது என்று எடுத்துரைத்து, அரசின் பெயரால் ஸாரி என்றார். கேட்டிருந்த முதியோர் அழுதனர். ஆகவே சொல்லிலே குற்றமில்லை என்றும் தோன்றுகிறது. செய்தது இன்னதென்று பெயர் சொல்லிய பிறகு வரும் ஸாரி வேறு. நம் ஜாலியன்வாலாபாக் கொடுமைக்கு நூறாண்டு நிறைந்த 2019இலும் பிரிட்டிஷ் பிரதமர் ஆழ்ந்த வருத்தம் என்பதோடு நிறுத்திக்கொண்டது நாம் கண்டதே. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009இல் இயற்றிய சட்டப்படி, ஒருவர் ஸாரி சொன்னதை உரிமையியல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாகாது! அச்சமின்றி மக்கள் வருத்தம் தெரிவிக்கட்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனாலும் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் இல்லை என்பதை அரசாங்கம் சட்டம் போட்டுச் சொல்லவேண்டி வந்ததே என்று எனக்குள் ஒரு வியப்பு.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ரியாளுஸ் ஸாலிஹீனை நான் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறேன். தவ்பாவின் நிபந்தனைகள் அங்கே வருகின்றன. பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலானவை. மனிதனின் ஹக்கு அதில் கலந்திருந்தால் நான்காவதாக ஒன்று சேர்கிறது: உரியவரிடம் அந்த ஹக்கிலிருந்து விடுபடுதல். பொருளானால் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழியானால் அவரிடமே சென்று மாப்புக் கேட்க வேண்டும். ஸாரி என்பது இந்த நான்கில் இரண்டாவது மட்டுமே. நான்காவதைச் சொல்லும்போது மாணவர்கள் குறித்துக்கொள்ளும்படி நான் குரலை உயர்த்துவது வழக்கம்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் போனேன். இம்முறை தேநீர் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "தம்பி, அந்தப் பணத்தை நீங்கள் எடுக்கவில்லை. அது என் அகராதிக்குள் இருந்தது. நான்தான் வைத்து மறந்தேன். நான்கு மாதத்தில் கிடைத்தும்விட்டது. இத்தனை ஆண்டுகளாக அது எனக்குத் தெரியும். உங்களைத் திருடன் என்று பத்துப் பேர் முன்னிலையில் சொன்னேன். உங்களிடம் சொல்ல வரவில்லை. என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பொருந்திக்கொள்ளுங்கள்."

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்க உம்மா நம்பவே இல்லை ஹஜ்ரத்" என்றார். "நான் எடுக்கலைன்னு குர்ஆன் மேலே சத்தியம் பண்ணினேன். ஓதிக்கொடுக்கிறவங்க பொய்யாச் சொல்லுவாங்கன்னு கேட்டாங்க. மவுத்தாகுற வரைக்கும் நம்பலை. ஆறு வருஷம் ஆச்சு அவங்க போய்."

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்த வேளையிலும் ஸாரி என்னும் சொல் நாவின் நுனிவரை வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

"அடிச்சதை நான் அப்பவே பொறுத்துட்டேன் ஹஜ்ரத்" என்றார் அவர். "இது வேற. இதுக்கு எனக்குக் கொஞ்ச நாள் வேணும்."

அவருடைய உம்மாவின் கப்று எங்கே என்று கேட்டு, அங்கே போய் ஸியாரத் செய்துவிட்டுத் திரும்பினேன். பட்டியலில் அந்த ஒரு பெயருக்கு எதிரே கோடு போடாமலே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டேன்.

அதன்பின் மாதம் ஒருமுறையாவது அந்த ஊருக்குப் போய்வருகிறேன். அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை, அவரும் எடுப்பதில்லை. சென்ற மாதம் என் ஸ்கூட்டரின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரிலேயே கடைகள் இருக்க, அவர் கடைக்கு ஓட்டிப் போனேன். அரைமணி நேரத்தில் கட்டைகளை மாற்றி, தாமே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். கூலி என்ன என்றேன். 180 ரூபாய் என்றார். கொடுத்தேன். எண்ணிப் பார்த்து மேசைப் பெட்டியில் போட்டுக்கொண்டார். "இருங்க ஹஜ்ரத், தேநீர் வருது" என்றார்.